மீஞ்சூரில் வீட்டு முன்னாடி புல்தரை போடப் போறீங்களா? ஆளைத் தேடும் முன் தண்ணீரைப் பாருங்க!

புது வீடு கட்டியாச்சு. கிரகப்பிரவேசமும் முடிஞ்சாச்சு. வாசலுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் மிச்சம். 'இங்க புல்லு போட்டா நல்லாருக்குமே' என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். போன் போட்டால் அடுத்த நாளே ஒருவர் வருவார். டேப்பை இழுத்து அளப்பார். சதுர அடிக்கு இவ்வளவு என்பார். 'ஒரே நாள்ல பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி ஆயிடும் சார்' என்றும் சொல்வார்.

அவர் சொல்வது பொய் இல்லை. ஒரே நாளில் அப்படித்தான் ஆகும். சிக்கல் நாற்பதாவது நாளில் வரும். புல்லின் நுனி பழுப்பாகும். அங்கங்கே திட்டுத் திட்டாகக் காயும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக ஊற்றுவோம். இன்னும் வேகமாகக் காயும். கூப்பிட்டுக் கேட்டால், 'நீங்க சரியா தண்ணி விடல' என்பார் போட்டவர். 'நீங்க கொண்டுவந்த புல்லே சரியில்ல' என்போம் நாம். இரண்டு பேர் சொல்வதும் தவறாக இருக்கலாம். மீஞ்சூர் வட்டாரத்தில் இந்தச் சண்டைக்கான பதில் பெரும்பாலும் போர்வெல்லில்தான் இருக்கிறது.

புல்தரை போடுபவரை எப்படித் தேர்வு செய்வது, என்ன கேட்பது, எதை எழுதி வாங்குவது? இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

மீஞ்சூரில் மட்டும் என்ன தனிச் சிக்கல்?

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிற ஊர் மீஞ்சூர். ஒருபக்கம் நெல் வயல், இன்னொருபக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளி கடற்கரை. திணைக் கணக்கில் சொன்னால் மருதமும் நெய்தலும் கைகோக்கும் இடம். கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் கொண்டுவந்து சேர்த்த வண்டலுக்கும் மணலுக்கும் அடியில் ஒரு காலத்தில் நல்ல தண்ணீர் ஏராளமாக இருந்தது. அதனால்தான் 1960களின் இறுதியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறுகள் அமைத்து, சென்னைக்கும் அதன் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுத்தார்கள். விவசாயத்துக்கும் அதே நிலத்தடி நீர்தான்.

எடுத்த அளவுக்கு மழை நிரப்பவில்லை. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் ஒரு தடுப்புச் சுவர் மாதிரி. அதன் அழுத்தம் இருக்கும் வரை கடல்நீர் உள்ளே வராது. அழுத்தம் குறைந்தால் கடல்நீர் மண்ணுக்கு அடியிலேயே ஊர்ந்து உள்ளே வந்துவிடும். மீஞ்சூர் பகுதியில் இது 1969 வாக்கிலேயே பதிவானது. பின்னாளில் கடற்கரையிலிருந்து 10 கிலோமீட்டரையும் தாண்டி உவர்ப்பு பரவியதாக ஆய்வுகள் காட்டின. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987ல் சென்னை பெருநகர்ப் பகுதிக்கென்றே தனிச் சட்டமும் வந்தது.

'மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை' என்று செய்திகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். 2010ல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை இருப்பது காட்டுப்பள்ளியில். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் கொண்டது. ஆனால் அந்தத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போவதற்காகத் திட்டமிடப்பட்டது. மீஞ்சூரில் தோட்டத்துக்கு ஊற்றப் போவது பெரும்பாலும் உங்கள் சொந்த போர் தண்ணீரைத்தான்.

ஒரு தெருவில் நல்ல தண்ணீர், அடுத்த தெருவில் உப்பு என்பது இங்கே சகஜம். போரின் ஆழத்தைப் பொறுத்தும் மாறும். அதனால் 'பக்கத்து வீட்டுல நல்லா வந்திருக்கே' என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

உப்பு, புல்லை என்ன செய்யும்?

வேர் தண்ணீரை உறிஞ்சுவது, வெளியே இருக்கும் ஈரத்தில் உப்பு குறைவாக இருக்கும்போது மட்டுமே சுலபம். உப்பு ஏற ஏற, மண் ஈரமாக இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது. நிறைய தண்ணீர் நடுவே செடி தாகத்தில் வாடும். அதனால்தான் ஊற்ற ஊற்றக் காய்கிறது. வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக, உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். நாளுக்கு நாள் இது கூடும்.

இன்னொரு பக்கம், உப்பில் இருக்கும் சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் கெடுக்கும். மண் இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே தேங்கும். காய்ந்த பிறகு மண்ணின் மேல் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் உப்பு என்று சந்தேகப்படலாம்.

பத்தையாகப் பதிக்கும் புல்லுக்கு இந்தப் பாதிப்பு இன்னும் அதிகம். நர்சரியில் நல்ல தண்ணீரில் வளர்ந்த புல் அது. வெட்டி எடுக்கும்போதே பாதி வேர் போய்விடும். புது மண்ணில் வேர்விட வேண்டிய நேரத்தில் உப்புத் தண்ணீரைக் குடித்தால் எப்படித் தாங்கும்?

தண்ணீரை எப்படிப் பரிசோதிப்பது?

முதல் கட்டமாக, பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்ய வருபவரிடமே இருக்கும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன்பிறகு வரும் தண்ணீரை அளந்து பாருங்க.

பாசன நீருக்கு ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு தரும் பொதுவான கணக்கு இது:

- லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே: பிரச்சினை இல்லை.
- 450 முதல் 2,000 வரை: கவனம் தேவை. புல் வகை, மண், வடிகால் மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.
- 2,000க்கு மேல்: கடுமையான கட்டுப்பாடு தேவைப்படும் தண்ணீர். சாதாரண கார்பெட் புல்லுக்கு இதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும். அதில் சோடியம் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். மின்கடத்துத் திறன் (இ.சி.), பி.எச்., சோடியம் விகிதம் (எஸ்.ஏ.ஆர்.), குளோரைடு ஆகியவற்றைக் கேளுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலும், திரூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம்.

மண்ணையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். ஐந்தாறு இடங்களில் அரை அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ எடுத்தால் போதும்.

ஒரு முக்கியமான விஷயம். மழைக்காலம் முடிந்தவுடன் எடுக்கும் தண்ணீர் நல்லதாகத் தெரியும். மே, ஜூனில் அதே போரில் உப்பு ஏறியிருக்கும். முடிந்தால் கோடையில் சோதியுங்கள். புல் பிழைக்கப்போவது அந்தத் தண்ணீரில்தான்.

மனையை எதை வைத்து மேடாக்கினார்கள்?

இந்தப் பகுதியில் தாழ்வான மனைகள் அதிகம். வீடு கட்டும் முன் ஏதாவது கொட்டி மேடாக்கியிருப்பார்கள். ஏரி மண்ணா, கட்டட இடிபாடா, சாம்பலா என்று பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையமும், 1,500 மெகாவாட் திறன் கொண்ட வல்லூர் அனல்மின் நிலையமும் பக்கத்திலேயே இருப்பதால் நிலக்கரிச் சாம்பல் இங்கே அரிதான பொருள் இல்லை.

சிமென்ட் கலந்த இடிபாடு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். சாம்பல் நிரப்பிய இடத்தில் புல்லுக்குத் தேவையான சத்து இருக்காது. கடப்பாரையால் ஓர் அடி தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புல் போட வரும் ஆள் தோண்டிப் பார்க்காமலேயே விலை சொன்னால், அதையும் கவனத்தில் வையுங்கள்.

எந்தப் புல் நம்ம ஊருக்குத் தாங்கும்?

கொரியன் அல்லது மெக்சிகன் கார்பெட் புல்: நர்சரிகளில் அதிகம் விற்பது இதுதான். மெல்லிய இலை, மெத்தை மாதிரி இருக்கும். ஜாய்சியா என்ற இனம். ஓரளவு உப்பைத் தாங்கும். ஆனால் மெதுவாக வளரும். ஒரு இடத்தில் காய்ந்தால் மூடுவதற்கு நாளாகும். நல்ல வெயில் வேண்டும்.

பெர்முடா: வேறு எதுவும் இல்லை, நம்ம அருகம்புல் இனம்தான். வெயிலையும் மிதிபடுவதையும் தாங்கும். உப்பையும் நன்றாகத் தாங்கும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று கல்யாணத்தில் வாழ்த்துவது சும்மா இல்லை. நிழலில் மட்டும் வராது. வேகமாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டும்.

பஃபலோ புல்: அகலமான இலை, பார்க்கக் கொஞ்சம் முரடாக இருக்கும். ஆனால் நிழலிலும் வரும், உப்பையும் தாங்கும். காம்பவுண்ட் ஓரம், மரத்தடி என்றால் இதைக் கேளுங்கள்.

பாஸ்பாலம்: கடலோர உவர் நிலத்தில் இயற்கையாகவே வளரும் இனம். புல்தரை வகைகளில் உப்பை மிக அதிகமாகத் தாங்குவது இது. கடற்கரையோர கோல்ஃப் மைதானங்களில் பயன்படுத்துவார்கள். எல்லா நர்சரியிலும் கிடைக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

ஊட்டியில் பார்த்த புல் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அது பெரும்பாலும் கிக்குயு புல். மலைக் குளிருக்கானது. மீஞ்சூர் வெயிலுக்கு வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் ஆகும்? ஒரு சின்னக் கணக்கு

20 அடிக்கு 25 அடி இடம் என்று வைத்துக்கொள்வோம். 500 சதுர அடி. அதாவது சுமார் 46 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட ஒரு லிட்டர் ஆகும். வெயில் நாளில் புல்லுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஒரு நாளைக்கு சுமார் 230 லிட்டர். மாதத்துக்கு கிட்டத்தட்ட 7,000 லிட்டர்.

நகர்ப்புறத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் பயன்படுத்தும் அளவுகோல். ஆக, 500 சதுர அடி புல் என்பது வீட்டில் இன்னும் இரண்டு பேர் வந்து தங்குவதற்குச் சமம். போர் கைவிட்டால் மாதம் ஒரு லாரித் தண்ணீர் இறக்க வேண்டிவரும். ஆசைப்படும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க. 500க்குப் பதில் 150 சதுர அடி போட்டால் நாளுக்கு 70 லிட்டரில் முடிந்துவிடும்.

ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் தண்ணீரைப் புல்லுக்கு விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். போர் தண்ணீரில் இருந்த உப்பு இன்னும் செறிவாகச் சேர்ந்த தண்ணீர் அது. சலவைத்தூள் கலந்த வாஷிங் மெஷின் தண்ணீரிலும் சோடியம் உண்டு.

சரி, யாரைக் கூப்பிடுவது?

புல்தரை போடுபவர்களில் மூன்று வகை உண்டு.

ஒன்று, நர்சரிக்காரர். புல்லை விற்பதோடு ஆள் அனுப்பிப் பதித்தும் தருவார். புல் பற்றித் தெரியும், ஆனால் மண் தயாரிப்பில் அவ்வளவு அக்கறை இருக்காது. இரண்டு, தனியாக வேலை செய்யும் தோட்டக்காரர். உள்ளூர் மண்ணும் தண்ணீரும் தெரிந்தவர், அடுத்த மாதம் கூப்பிட்டாலும் வருவார். ஆனால் பில் கேட்டால் யோசிப்பார். மூன்று, லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்டர். ஃபேக்டரி, அப்பார்ட்மென்ட் வேலைகள் எடுப்பவர். எழுத்தில் தருவார், சின்ன வேலைக்கு அவ்வளவு ஆர்வம் காட்ட மாட்டார், செலவும் கூடும்.

இதில் எவரும் மட்டம் இல்லை. யார் வந்தாலும் இந்த ஏழு கேள்விகளைக் கேளுங்கள்:

1. எங்க போர் தண்ணியை டெஸ்ட் பண்ணீங்களா, இல்ல ரிப்போர்ட் காட்டட்டுமா?
2. மண்ணைத் தோண்டிப் பார்த்தீங்களா? எத்தனை இன்ச் புது மண் போடுவீங்க?
3. இந்த இடத்துக்கு எந்தப் புல், ஏன் அது?
4. பத்தையாகப் பதிப்பீங்களா, கரணையாக நடுவீங்களா?
5. புல் எங்கிருந்து வருது? வெட்டி எத்தனை மணி நேரத்துல இங்க வரும்?
6. மழைத் தண்ணி எந்தப் பக்கம் வடியும்?
7. மீஞ்சூர், பொன்னேரி, அத்திப்பட்டு பக்கம் நீங்க போட்டு ஒரு கோடை தாண்டின புல்தரையைப் பார்க்க முடியுமா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். போன மாதம் போட்ட வேலையின் போட்டோ யாரிடமும் இருக்கும். ஒரு மே மாதத்தைத் தாண்டிய புல்லை நேரில் காட்டுபவர் கொஞ்சம் பேர்தான்.

நாம் கேட்பதற்கு முன்பே 'உங்க தண்ணி எப்படி?' என்று கேட்கிற ஆள் கிடைத்தால், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அவரை விடாதீர்கள். தண்ணீரைப் பார்த்துவிட்டு 'இதுக்கு கார்பெட் புல்லு சரிவராது' என்று வேலையை வேண்டாம் என்பவர், உங்களுக்குப் பணம் மிச்சம் செய்து கொடுத்தவர்.

பத்தைக்கும் கரணைக்கும் என்ன வித்தியாசம்?

பத்தை என்றால் மண்ணும் வேரும் சேர்ந்த புல்லைத் துண்டு துண்டாக வெட்டி வந்து, கம்பளம் மாதிரி ஒட்டி ஒட்டிப் பதிப்பது. அன்றே பச்சை. செலவு அதிகம். கரணை என்றால் புல்லைப் பிய்த்து, சில அங்குல இடைவெளியில் நடுவது. அருகம்புல் இனம் இரண்டு மூன்று மாதத்தில் பரவி மூடும். கொரியன் புல் அதைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும். செலவு குறைவு.

கரணைக்கு ஒரு நன்மை உண்டு. முளைக்கும்போதே உங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பழகிக்கொண்டு வளரும். அவசரம் இல்லாதவர்கள் தாராளமாக இதையே தேர்வு செய்யலாம். பத்தைக்கான விலையைப் பேசிவிட்டு, துண்டுகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விட்டுப் பதிப்பதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கொட்டேஷனில் என்னென்ன இருக்கணும்?

'சதுர அடிக்கு இவ்வளவு' என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். இவை தனித்தனியாக இருக்கட்டும்:

- பழைய மண், ஜல்லி, களையை அகற்றும் கூலி. அள்ளிய குப்பையை யார் எடுத்துப் போவது?
- புது மண் எத்தனை யூனிட்? நம்ம ஊர் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 500 சதுர அடிக்கு அரை அடி உயரம் என்றால் 250 கன அடி, அதாவது இரண்டரை யூனிட். ஒரு யூனிட் இறக்கிவிட்டு அரை அடி என்றால் கணக்கு உதைக்கும்.
- மணல், தொழுவுரம் அல்லது மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, தேவைப்பட்டால் ஜிப்சம். ஒவ்வொன்றும் எத்தனை மூட்டை?
- புல்லின் பெயர், துண்டின் அளவு, எண்ணிக்கை. ஒன்றுக்கு இரண்டு அடி துண்டு என்றால் 500 சதுர அடிக்கு 250 துண்டு. சேதாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.
- பதிக்கும் கூலி, ரோலர், வண்டி வாடகை.
- முதல் மாதப் பராமரிப்பு உண்டா, எத்தனை முறை வந்து பார்ப்பார்?

செம்மண் வாங்கும்போது உரிய அனுமதிச் சீட்டோடு வரும் லாரியா என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் அள்ளிய மண் சட்டப்படி குற்றம். வயல் மண் என்றால் இன்னொரு ஆபத்து, கோரை. அதன் கிழங்கு மண்ணோடு வந்து இறங்கினால், புல்லைவிட வேகமாக அதுதான் வளரும். மண்ணைப் பரப்பி, இரண்டு வாரம் தண்ணீர் தெளித்து, முளைக்கிற கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகு புல் பதிப்பதே சரி. 'நாளைக்கே போட்டுடலாம்' என்பவர் இந்த இரண்டு வாரத்தைத்தான் மிச்சப்படுத்துகிறார்.

ஜிப்சம் போட்டால் உப்பு போய்விடுமா?

பாதி உண்மை. ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம், மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விலக்கும். விலகிய சோடியத்தைக் கீழே கழுவித் தள்ள நல்ல தண்ணீரும், அது வெளியேற வடிகாலும் வேண்டும். இரண்டும் இல்லாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் பயன் இல்லை. எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை முடிவு சொல்லட்டும்.

உப்பை நிஜமாகக் கழுவுவது மழை மட்டும்தான். அதனால் வடிகால்தான் இங்கே உயிர். வீட்டுச் சுவரில் இருந்து வெளிப்பக்கம் 10 அடிக்கு ஒன்று முதல் இரண்டரை அங்குலம் சரிவு இருக்கட்டும்.

வேலை நடக்கும் நாளில் எதைக் கவனிப்பது?

புல் லாரி காலையிலேயே வரட்டும். ஆந்திராவின் கடியம் போன்ற நர்சரி ஊர்களில் இருந்து வருவதென்றால், ஓர் இரவு முழுக்க அடுக்கிய நிலையில் பயணம் செய்திருக்கும். அடுக்கின் நடுவே கையை விட்டுப் பாருங்க. சூடாக இருந்தால், மஞ்சளாகியிருந்தால், புளித்த வாடை வந்தால் இறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வந்த அன்றே பதித்து முடிக்க வேண்டும்.

சில பத்தைகள் பிளாஸ்டிக் ஷீட் மேல் வளர்த்தவையாக இருக்கும். அடியில் ஷீட் துண்டு ஒட்டியிருந்தால் வேர் கீழே போகாது. இரண்டு மூன்றைத் திருப்பிப் பாருங்கள்.

பதிக்கும் முன் மண் லேசாக ஈரமாக இருக்க வேண்டும். செங்கல் கட்டுவது மாதிரி இணைப்புகள் மாறி மாறி வர வேண்டும். இடைவெளி இருக்கக் கூடாது. பதித்ததும் ரோலர் உருட்ட வேண்டும். அடியில் காற்று இருந்தால் அந்த இடம் காய்ந்துவிடும்.

முதல் 30 நாள் எப்படி?

முதல் இரண்டு வாரம் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர். மேலே நனைந்தால் போதாது, பத்தைக்கு அடியில் இருக்கும் மண்ணும் ஈரமாக வேண்டும். போர் உப்பு என்றால் இந்த நாட்களுக்காவது மழைநீர்த் தொட்டியிலிருந்தோ லாரியிலிருந்தோ நல்ல தண்ணீர் விடுங்கள்.

மூன்றாவது வாரம் ஒரு மூலையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். தூக்கினால் வரவில்லை என்றால் வேர் பிடித்துவிட்டது. அதன்பிறகு தினமும் கொஞ்சம் விடுவதை நிறுத்தி, நாள் இடைவெளி விட்டு ஆழமாக நனையுங்கள். தினமும் லேசாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். ஆழமாக நனைத்தால் அது கீழே இறங்கும், வேரும் கீழே போகும்.

வேர் பிடிக்கும் முன் வெட்டாதீர்கள். வெட்டும்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

எந்த மாதத்தில் போடலாம்?

ஜனவரி, பிப்ரவரி நல்ல நேரம். வடகிழக்குப் பருவமழை மண்ணில் இருந்த உப்பைக் கழுவியிருக்கும். நிலத்தடி நீரும் ஏறியிருக்கும். வெயிலும் குறைவு. அதை விட்டால் ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை. மழைக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் தேங்கும் பகுதி என்றால் வேண்டாம். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் ஒரு பங்கு, மண்ணும் புல்லும் இறங்கியதும் ஒரு பங்கு, பதித்து முடித்ததும் ஒரு பங்கு. மீதி ஐந்தில் ஒரு பங்கையாவது, வேர் பிடித்த பிறகு 30 அல்லது 45 நாள் கழித்து என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதேசமயம் வேலை சரியாக இருந்தால் அந்தத் தொகையை இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள். வெயிலில் வேலை செய்தவர்களின் கூலியும் அதில் இருக்கிறது.

'கேரண்டி' என்றால் எதற்கு என்று கேளுங்கள். காய்ந்த துண்டை மாற்றித் தருவாரா, எத்தனை நாளுக்குள், கூலி யாருடையது? தண்ணீர்ப் பரிசோதனை முடிவை முதலிலேயே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இந்தத் தண்ணிக்கு இந்தப் புல்லு தாங்கும்' என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யார் மேல் தவறு என்ற பேச்சே வராது. இது அவருக்கும் பாதுகாப்புதான்.

ஜிஎஸ்டி எண் இல்லை என்பதற்காக ஒருவரைச் சந்தேகப்பட வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சின்னக் கான்ட்ராக்டர்களுக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட ரசீது யாராலும் தர முடியும்.

பேசியபடி செய்யவில்லை என்றால்?

பணம் கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன் கீழ் வரும். முதலில் போட்டோ, தேதி, பேசிய மெசேஜ், பணம் அனுப்பிய விவரத்தோடு எழுத்தில் அவருக்கே தெரிவியுங்கள். சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் சொல்லலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மீஞ்சூர்க்காரர்களுக்குத் திருவள்ளூர். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வழக்கு நடத்தலாம்.

தண்ணீர் ரொம்ப உப்பு. என்ன செய்வது?

டிடிஎஸ் 2,000ஐத் தாண்டினால் மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, இடத்தைச் சுருக்கி மழைநீரைச் சேமிப்பது. தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். 10,000 லிட்டர் தொட்டி நிரம்பினால், 150 சதுர அடி புல்லுக்கு நாலரை மாதம் தாங்கும்.

இரண்டு, பாஸ்பாலம், அருகம்புல் போன்ற உப்புத் தாங்கும் வகைக்கு மாறுவது. புது இடத்தில் முதலில் நாலு துண்டு மட்டும் பதித்து, ஒரு கோடை பார்த்துவிட்டு மீதியைப் போடலாம்.

மூன்று, புல்லையே விட்டுவிடுவது. பொடுதலை தெரியுமா? வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் தரையோடு தரையாகப் படரும், சின்னப் பூ பூக்கும். பாட்டி வைத்தியத்தில் பொடுகுக்குச் சொல்வார்களே, அதே செடி. உப்பையும் மிதிபடுவதையும் ஓரளவு தாங்கும். வெளிநாடுகளில் புல்தரைக்கு மாற்றாகவே இதை வளர்க்கிறார்கள். நமக்கு வரப்பிலேயே கிடைக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்...

கோடையில் தண்ணீரைச் சோதியுங்கள். மண்ணைத் தோண்டிப் பாருங்கள். அதன்பிறகு புல்லைத் தேர்வு செய்யுங்கள். ஒரு கோடை தாண்டிய வேலையைக் காட்டும் ஆளிடம் வேலையைக் கொடுங்கள். கணக்கை எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையை வேர் பிடித்த பிறகு கொடுங்கள்.

அரை நூற்றாண்டுக்கு முன்பு அளவில்லாமல் உறிஞ்சியதன் உப்பைத்தான் மீஞ்சூர் இன்னும் சுமக்கிறது. வாசலில் ஒரு துண்டுப் பச்சைக்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அது நம்ம தண்ணீருக்குள் அடங்குகிற பச்சையாக இருந்தால் நாற்பதாவது நாளும் இருக்கும், நாலாவது வருஷமும் இருக்கும்.